அடிமணல்

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் பூணிட்ட ஊன்றுகோலைக் கொண்டே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். கரையில் நின்றோர் வியக்க மருதமரக் கிளையேறி, மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய தம் இளமையை, இருமலுக்கிடையே ஒன்றிரண்டு வார்த்தைகளே பேசமுடிந்த முதுமையில் எண்ணி அவர் வருந்துகிறார்.

1688இல் பாசல் நகரில் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லைப் படைத்தார். அன்று அது ஒரு நோயின் பெயர். ஊர் திரும்புவதே அதற்கு மருந்து. ஊர் திரும்பியவர்கள் ஏமாற்றமடைவதை 1798இல் கான்ட் சுட்டினார். இளமையை ஊரால் திருப்பித்தர இயலாதல்லவா?

இவ்விரு ஏக்கங்களையும் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரே தலைமுறையிடம் காணலாம். 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிசப் பாணிச் சமுதாயத்தை இலக்காக ஏற்றது. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை தேடி வந்த இளைஞர் அன்று ஏங்கியது விட்டுவந்த ஊருக்காக. பொங்கலுக்கு ரயிலேறினால் அது தணிந்தது.

முதுமையில் அவர் ஏங்குவதோ அன்றைய அம்பத்தூருக்காக: ஆலைச் சங்கு, சைக்கிள் வரிசை, ஏரிக்காற்று. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. அவர் ஊரைவிட்டு நகரவில்லை. ஆயினும் அந்த ஊருக்குத் திரும்ப வழியில்லை.

முதியோர் நினைவில் பத்து முதல் முப்பது வயதுவரையிலான காலமே மிகுதியாக நிற்கும் என்பது உளவியலாரின் கண்டுபிடிப்பு. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., எண்பத்தைந்தை நெருங்கும் வயதில் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். மாணவப் பருவம் அதில் எவ்வளவு விரிவாக அமைந்திருக்கிறது! 1942இல் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை.

ஆவடி மாநாட்டை இருபது வயதில் கண்டவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். அவர்தம் நினைவுகளை எழுதிவைக்க எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு. ஏக்கம் கலந்த நினைவில் இரவு ஷிஃப்டின் அயர்வும் வாடகைத் தொல்லையும் மங்கி, தோழமை மட்டும் ஒளிரக்கூடும். அதற்காக நினைவைத் தள்ளிவிடலாகாது. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, பழைய சம்பளச் சீட்டையும், சங்க ரசீதையும், பிரிவுபசாரப் புகைப்படத்தையும் கேட்டு வாங்கிப் பார்ப்போம். அவர்கள் மூழ்கி எடுத்த மணல் அதுதான்.