குந்தா மலையில் ஒரு நாள் மோட்டார்ப் பயணம்

நீலகிரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் உதகை ஏரிக்கரையிலேயே நின்றுவிடுகின்றனர். 1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் மலையேறினார். அதன்பின் ஏரி வந்தது, பங்களாக்கள் வந்தன, இரயில் வந்தது என்பதோடு கதை முடிந்துவிடும். மலையின் மேற்குப் பகுதியாகிய குந்தாச் சீமைக்கு அரைப்பக்கம் கிடைத்தால் அதுவே பெரிது. அச்சீமையிலுள்ள மஞ்சூரில் வாழ்பவன் நான். மாணவர்களாகிய உங்களை ஒரு நாள் மோட்டார்ப் பயணத்துக்கு அழைக்கின்றேன். காலையில் மலையுச்சிக்குச் சென்று, மாலையில் சமவெளியில் இறங்கிவிடலாம். வழியில் நாம் பின்பற்றப் போவது நீரின் போக்கை.

முதலில் அவலாஞ்சி. இங்கே மழை எத்தகையது என்பதை 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடே அறிந்தது. ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அவலாஞ்சியும் எமரால்டும் ஒன்றோடொன்று இணைந்த இரு நீர்த்தேக்கங்கள். காண்போர் இவற்றை ஏரிகள் என்று எண்ணிப் படம் பிடிக்கின்றனர். இவை ஏரிகள் அல்ல. மனிதர் கட்டிய அணைகள். இவற்றின் அடியில் கிடப்பவை புல்வெளிப் பள்ளத்தாக்குகள்.

நாடு விடுதலை பெற்ற பின்னர்ச் சென்னை மாநிலத்துக்கு மின்சாரம் போதவில்லை. 1932 முதல் பைக்காராவிலிருந்து இறங்கிய மின்சாரத்தால் கோவையின் நூற்பாலைகள் பெருகின. கிணறுகளில் பம்புசெட்டுகள் ஏறின. பசி வளர்ந்தது, உணவு வளரவில்லை. எனவே 1950-களின் நடுவில் குந்தா நீர்மின் திட்டம் தொடங்கப் பெற்றது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு துணை நின்றது. 1960-இல் முதல் மின்நிலையம் இயங்கலாயிற்று.

அத்திட்டத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். மேல்பவானியில் பவானியாற்றின் தலைநீரை மறித்து, அதன் இயல்பான வழியினின்றும் திருப்பி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அவலாஞ்சிப் பக்கம் கொணர்கின்றனர். இறங்கும்போது அந்நீர் ஒரு மின்நிலையத்தை இயக்குகிறது. எமரால்டிலிருந்து மீண்டும் சுரங்கம்; குந்தாவில் மற்றொரு மின்நிலையம். குந்தாப் பாலத்தில் தேங்கிய நீர் மறுபடி மலைக்குள் புகுந்து, ராட்சதக் குழாய்களில் பாய்ந்து கெத்தையில் விழுகிறது. பின்னர்ப் பரளி, அதன்பின் பில்லூர். பில்லூர் அணை கட்டப்பட்டிருப்பது எந்த ஆற்றின் குறுக்கே தெரியுமா? அதே பவானியின் குறுக்கே. உச்சியில் பிரிக்கப்பட்ட நீர், ஐந்து இடங்களில் உழைத்துவிட்டுத் தன் தாயாற்றையே சேர்கின்றது. பொறியியலில் இத்தகைய சிக்கனத்தை நான் பெரிதும் வியக்கின்றேன்.

மஞ்சூரில் சிற்றுண்டி முடித்துக்கொண்டு புறப்படுவோம். பிக்கட்டி, எடக்காடு, தங்காடு என்று சுற்றிலும் படகர் ஊர்கள்; உருளைக்கிழங்குப் பாத்திகளும் தேயிலையும் மாறி மாறி வரும். இடையிடையே நீண்ட வரிசை வீடுகளைக் காண்பீர்கள். அவை தாயகம் திரும்பியோர் குடியிருப்புகள். 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் இருந்து கடல் கடந்து சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அட்டன், கண்டிப் பக்கத்துத் தோட்டங்களையன்றி வேறு ஊர் அறியார். அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசு இம்மலையில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. 2022-இல் அத்தோட்டங்களில் ஒரு பகுதியைத் திரும்பவும் காட்டுத்துறைக்கே ஒப்படைக்க அரசு முடிவு செய்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் தம் வீடுகளைக் குறித்து அஞ்சினர். அவர்தம் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லியிருக்கின்றேன். உடன்படிக்கை என்பது பரீட்சைக்கு உரிய ஐந்து மதிப்பெண் வினா அன்று என்பதை அப்பிள்ளைகளே எனக்குக் கற்பித்தனர்.

மஞ்சூருக்குக் கீழே பாதை கெத்தையை நோக்கி இறங்குகிறது. 43 கொண்டையூசி வளைவுகள். இயந்திரங்களையும் சிமெண்டையும் சுமந்த லாரிகள் மின்நிலையங்களுக்குச் செல்லப் பாதை வேண்டியிருந்தது. இன்று உல்லாசப் பயணிகள் புகழும் சாலைகள் பல அத்தேவையில் பிறந்தவையே. யானைகள் நடமாடும் காடு. பொழுது சாயுமுன் இறங்கிவிடுதல் நலம். வளைவுக்கு வளைவு குளிர் குறையும். சோலை மறைந்து மூங்கில் தோன்றும்.

முள்ளியை அடைந்ததும் வண்டியைச் சற்று நிறுத்துவோம். மேற்கே தெரிவது கேரளத்தின் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு. சலிவனுக்கு 216 ஆண்டுகள் முன்னதாக, 1603-இல், பெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் மன்னார்க்காட்டிலிருந்து புறப்பட்டுப் பவானியைக் கடந்து நீலகிரியின்மேல் ஏறினார். அவர் வந்த வழி இப்பள்ளத்தாக்கையும் குந்தா மலைகளையும் ஒட்டியது என்று ஆய்வாளர் கருதுவர். மலைமேல் பழங்காலத்துக் கிறித்தவர்கள் வாழ்வதாக மலையாளக் கரையில் ஒரு வதந்தி. அதைச் சோதிக்கவே அவர் வந்தார். கிறித்தவர் ஒருவரும் இலர். படகரையும் தொதவரையும் கண்டார். தொதவருக்குக் கண்ணாடிகளும் நூற்கண்டுகளும் பரிசளித்தார். கண்டவற்றை எழுதி வைத்தார். நீலகிரி மக்களைப் பற்றி ஓர் ஐரோப்பியர் எழுதிய முதற்குறிப்பு அதுவே. கால்கள் நோக, செங்குத்தான மலையில் அவர் பட்ட பாட்டை எண்ணும்போது, கதவைச் சாத்திக்கொண்டு மெத்தையில் அமர்ந்து வரும் நமக்குச் சற்றே நாணம் தோன்றும். ஆயினும் பாடப்புத்தகங்கள் சலிவனிலிருந்தே தொடங்குகின்றன. அவர் ஆட்சியாளர், கட்டடங்களை விட்டுச் சென்றார். பெனிசியோ கடிதத்தை மட்டும் விட்டுச் சென்றார்.

இருளர் ஊர்களைக் கடந்து வெள்ளியங்காடு, பின்னர்க் காரமடை. அந்திக்குள் வந்துவிட்டோம். இங்கே தேநீர்க்கடையில் எரியும் விளக்குக்கும், கோவை நகரின் குழாய்களில் வரும் பில்லூர்க் குடிநீருக்கும் காலையில் நாம் கண்ட மலைமழையே மூலம். எஞ்சிய நீர் மேட்டுப்பாளையத்தைத் தொட்டு, 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகரில் தங்கி, வயல்களுக்குப் பாய்ந்தது போக மிகுந்தது காவிரியில் கலக்கின்றது.