அமுக்கலா, அச்சாரமா?

ஆங்கிலேயர் தம் அரச கடற்படைக்குத் துறைமுக ஊர்களில் ஆள் பிடித்த கதையைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஆள் பிடித்த அந்தக் கும்பலுக்குப் 'பிரெஸ் கேங்' என்ற பெயர் எப்படி வந்தது? 'பிரெஸ்' என்றால் அமுக்குதல். ஆளை அமுக்கிக் கொண்டுபோனதால் அந்தப் பெயர். முடிந்தது ஆராய்ச்சி. போலீஸ் திருடனை 'அமுக்கியது' என்று நாமும் பேசுவதால் தமிழ்க் காதுக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

பிறந்தபோது அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு 'ட்' இருந்தது: 'பிரெஸ்ட்'. பழைய பிரெஞ்சில் அதற்குக் கடன் என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் அது 'ப்ரெ' என்று தேய்ந்துவிட்டது, பொருள் மட்டும் தேயவில்லை. அதற்கும் பின்னே நிற்பது 'பிரேஸ்தாரே' என்ற லத்தீன் வினை: பொறுப்பேற்றல், கொடுத்து உதவுதல், பிற்காலத்தில் கடன் கொடுத்தல். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜான் மன்னன் காலத்து ஆங்கிலக் கருவூலச் சுருள்களில் இதே சொல் லத்தீன் வேடத்தில் வருகிறது. அங்கே அது மன்னர் வேலைக்காகக் கையில் கொடுத்த முன்பணம். வாங்கியவன் பிறகு கணக்குக் காட்ட வேண்டும். மாலுமிக்கென்று தனியாகப் பிறந்த சொல்லே அல்ல அது.

இந்தக் குடும்பத்தில் ஒருவரை நாம் தினமும் பார்க்கிறோம், அடையாளம்தான் தெரிவதில்லை. பொதுப்பணித்துறை, ரயில்வே அலுவலகங்களில் சில்லறைச் செலவுக்கென்று ஒரு ஊழியரிடம் நிலையாக ஒரு தொகையைக் கொடுத்து வைப்பார்கள். அவர் ரசீது காட்டக் காட்ட அது மறுபடி நிரப்பப்படும். அதன் பெயர் 'இம்ப்ரெஸ்ட்'. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட முன்பணங்களைத் தணிக்கை செய்யவே 'இம்ப்ரெஸ்ட் தணிக்கையாளர்' என்ற பதவி இருந்தது. 1785இல்தான் அதை ஒழித்தார்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்த இம்ப்ரெஸ்ட் பணத்தில் யாரும் அமுக்கலைத் தேடுவதில்லை. மாலுமியிடம் வரும்போது மட்டும் ஏன் தேடுகிறார்கள்?

சொல்லை விட்டுப் பொருளைப் பார்ப்போம். முதலில் மன்னருக்குக் கடன்பட்டிருந்தவை ஊர்கள். ஹேஸ்டிங்ஸ், நியூ ராம்னி, ஹைத், டோவர், சாண்ட்விச் ஆகிய ஐந்து துறைகளும் அவற்றைச் சேர்ந்த ஊர்களும் ஆண்டுக்கு 57 கப்பல்களை 15 நாள் தங்கள் செலவில் தர வேண்டும். கப்பலுக்கு 21 ஆள், ஒரு பையன். கைம்மாறாக அந்த ஊர்களுக்கு வரிவிலக்கும் சொந்த நீதிமன்றமும். இங்கே பிரெஸ்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊர் கொடுத்தது, மன்னர் எடுத்துக்கொண்டார். 15 நாள் தாண்டினால்தான் மன்னர் பணப்பையை அவிழ்க்க வேண்டும். ஊரோடு பேசிய மன்னர் தனித்தனி ஆளோடு பேசத் தொடங்கிய பிறகுதான் அந்த ஆளின் கையில் காசு வைக்க வேண்டிய தேவை வந்தது. காசோடு அதன் பெயரும் வந்தது என்பது என் துணிபு.

இரண்டாம் ரிச்சர்டின் 1378ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒருமுறை படித்தால் போதும். மன்னர் சேவைக்கு அமர்த்தப்பட்டு, ஊதியத்தையும் வாங்கிக்கொண்டு ஓடிப்போகும் மாலுமிகளைப் பற்றியது அது. தண்டனை என்ன? வாங்கியதைப் போல் இரு மடங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஓராண்டு சிறைவாசமும் உண்டு. குற்றம் எந்தக் கணக்கில் அளக்கப்படுகிறது என்று பாருங்கள். வாங்கிய பணத்தின் கணக்கில்.

1563இல் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம் ஒன்று மீனவர்களைச் சும்மா பிடித்துப் போகக் கூடாது என்றது. ஆணையைக் கடற்கரைப் பக்கத்து நீதிபதிகள் இருவரிடம் முதலில் காட்ட வேண்டும், ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் பொறுப்பு. காகிதத்தில் எல்லாம் ஒழுங்குதான்.

சொல்லின் மூலத்தைப் பற்றி இன்னொரு கட்சி உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அகராதிக்காரர்கள் 'பிரெஸ்ட்' என்பதை 'தயார்' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லில் கொண்டுபோய் ஒட்டினார்கள். பணம் வாங்கியவன் அழைத்தபோது தயாராக நிற்க வேண்டுமாம், அதனால் 'தயார்ப் பணம்'. ஒலி ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டை கட்டக் கல் வாங்கப் போனவனுக்குக் கொடுத்த தொகையும் பிரெஸ்ட்தான். அவன் எந்தப் போருக்குத் தயாராக நின்றான்? அகராதி தொகுக்க உட்கார்ந்தவர்கள் கருவூலச் சுருளைப் புரட்டவில்லை.

'பிரெஸ்ட்' எப்படி 'பிரெஸ்' ஆயிற்று? ஆங்கில எழுத்துமுறையின் குறும்பு அது. அமுக்கு என்ற வினையின் இறந்தகால வடிவத்தையும் அந்தக் காலத்தில் 'பிரெஸ்ட்' என்றே எழுதுவார்கள். 'அவன் பிரெஸ்ட் ஆனவன்' என்றால் முன்பணம் பெற்றவன் என்றும் கொள்ளலாம், அமுக்கப்பட்டவன் என்றும் கொள்ளலாம். கேட்டவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, கடைசி 'ட்' இறந்தகால விகுதி என்று எண்ணி அதை வெட்டி, புதிதாக ஒரு வினையைச் செய்துவிட்டார்கள். ஷேக்ஸ்பியர் காலத்திலேயே வெட்டு விழுந்தாயிற்று. 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப், மன்னரின் 'பிரெஸ்' ஆணையைத் தான் எப்படித் தின்றேன் என்று பெருமை பேசுகிறான்: வசதியுள்ளவர்களைப் பிடிப்பது, காசு வாங்கிக்கொண்டு விடுவது. 150 ஆளுக்கு 300 பவுனுக்கு மேல் தேற்றினானாம். அது தரைப்படை, துறைமுகத்திலும் நடைமுறை வேறில்லை. காசு கொடுத்து ஆள் எடுக்க வந்த ஆணை, ஆளிடம் காசு பறிக்கும் ஆணையாகிவிட்ட வேடிக்கை நாடகம் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

என் கட்சிக்குப் பெரிய சாட்சி சாமுவேல் பீப்ஸ். கடற்படை நிர்வாகத்திலேயே எழுத்தர் பதவியில் இருந்தவர். 1666 ஜூலை முதல் நாள் நாட்குறிப்பில், லண்டனில் பிடிபட்ட ஆட்களைக் கப்பலேற்றும் காட்சியை எழுதுகிறார். புருஷனைத் தேடி ஒவ்வொரு கூட்டமாக ஓடிப் பார்க்கும் பெண்கள், உழைத்துப் பிழைக்கும் குடும்பஸ்தர்கள். அவர் மனத்தை உறுத்தியவற்றில் ஒன்று: பிரெஸ் பணம்கூடக் கொடுக்காமல் கொண்டுபோகிறார்கள், இது சட்டத்தின் ஒழுங்குக்கே மாறானது, கொடுங்கோன்மை. ஆள் பிடிக்கும் எந்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த மனிதருக்கு, அந்தக் காசு இல்லையென்றால் காரியமே செல்லாது என்று தோன்றியிருக்கிறது. அமுக்கல்தான் மூலம் என்றால் காசு இல்லாததற்கு ஏன் வருந்த வேண்டும்?

அடுத்தது கப்பலின் ஆள் பதிவேடு. 18ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டில் ஒவ்வொருவன் பெயருக்கும் நேரே, எங்கிருந்து வந்தவன், 'பிரெஸ்ட்'டா இல்லையா என்று கேட்கும் ஒரு பத்தி உண்டு. தெருவெல்லாம் 'பிரெஸ்' என்று கூவிய காலத்திலும் எழுத்தர் பேனா பழைய 'ட்'டை விடவில்லை. கணக்குப் புத்தகம் சொற்களை மெதுவாகத்தான் மறக்கும். அதே ஏட்டில் 'டி' என்றால் விடுவிக்கப்பட்டவன், இரண்டு 'டி' என்றால் செத்தவன், 'ஆர்' என்றால் ஓடிப்போனவன். பிடிபட்ட பலர் 'நானே விரும்பி வந்தேன்' என்று எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்கள், விரும்பி வந்தவனுக்குத்தான் ஊக்கத்தொகை என்பதால். ஆகவே அந்தப் பத்தியை வைத்து எத்தனை பேர் பலவந்தப்பட்டார்கள் என்று எண்ணப் புறப்படுகிறவர்கள் சற்று நிதானிக்க வேண்டும்.

கண்ணாடி அடி வைத்த பீர்க் குவளைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆள் பிடிப்பவர்கள் பிரெஸ் பணமான ஷில்லிங்கைக் குவளைக்குள் போட்டுவிடுவார்களாம். குடித்தவன் உதட்டில் காசு பட்டால் அவன் மன்னர் ஆள். அதற்குப் பயந்து அடியில் கண்ணாடி வைத்தார்களாம். கையைப் பிடித்து இழுத்துப்போகச் சட்டமே இடம் கொடுத்திருக்க, பீருக்குள் காசை ஒளிப்பானேன்? குவளை விற்பவன் கட்டிய கதை போலும்.

இனி பெயரின் மறுபாதி. 'கேங்' மூலத்தில் 'போதல்'. சேர்ந்து போகிறவர்கள் கூட்டம். நம் ரயில்வே 'கேங்மேன்' அதன் நேர்மையான உறவினர். சாராயக் கடையில் அமைந்த ஆள்பிடிப்பு நிலையத்தைத் துறைமுகத்தார் 'ராண்டி' என்றார்கள், 'ரான்டேவூ' சிதைந்தது. விலக்குச் சீட்டு வைத்திருந்தவனையும் விடாமல் வாரிக்கொண்டு போனால் அது 'சூட்டுப் பிரெஸ்'. 1740ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் கீழும் 55க்கு மேலும் உள்ளவர்களுக்கு விலக்கு அளித்தது. சூட்டு நாளில் சீட்டைப் படித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை?

அடி உதை உண்மைதானே, பிறகு அமுக்கல் என்றால் என்ன தப்பு என்பார்கள். 1743இல் பிரிஸ்டலில் பிராட்ஃபுட் என்ற மாலுமி, தன்னைப் பிடிக்கக் கப்பலேறிய கும்பலில் ஒருவனைச் சுட்டுக் கொன்றான். ஆணை பெற்ற அதிகாரி உடன் வராத கும்பல் என்பதால் அது கொலைக்குற்றம் ஆகவில்லை. ரத்தம் சிந்தியதை யார் மறுத்தார்கள்? தடி பிற்காலத்தில் வந்தது, சொல் அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதுதான் வழக்கு.

முன்பணத்தால் ஆளைக் கட்டும் வித்தை தமிழனுக்குப் புரியாததா? 'கடலோரத்து முன்பணம்' என்ற தொகையைக் கையில் கொடுத்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்ததும், ஆளின் கடனைத் 'துண்டு'ச் சீட்டில் எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றியதும் நேற்றைய கதை. துண்டுமுறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. விசைப்படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியவன் அதைத் தீர்க்காமல் அடுத்த படகில் ஏற முடியாது என்பது இன்றைய கதை. அந்தப் படகுக்காரனிடம் 'பிரெஸ்ட்' என்றால் என்ன என்று விளக்கிவிட்டுக் கேளுங்கள், 'அட்வான்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான்.

ஆகையால் 'அமுக்குப்படை', 'பிடிப்படை' என்று மொழிபெயர்ப்பவர்கள் பெயர்க்கட்டும். நான் 'அச்சாரப்படை' என்றுதான் எழுதுவேன். மாற்றுக் கருத்துடையோர் ஜான் மன்னன் சுருளிலிருந்து ஒரே ஒரு அமுக்கலை எடுத்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.