குதிரேமுக் இரும்புத்தாதுச் சுரங்கம்

குதிரேமுக் இரும்புத்தாதுச் சுரங்கம் என்பது இந்தியாவின் கருநாடக மாநிலத்தில், சிக்மகளூர் மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் இயங்கிவந்த திறந்தவெளிச் சுரங்கம் ஆகும். மேக்னடைட்டு வகை இரும்புத்தாது இங்கு வெட்டியெடுக்கப்பட்டது. உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 2005 ஆம் ஆண்டின் இறுதியில் இச்சுரங்கம் மூடப்பட்டது. குதிரையின் முகத்தை ஒத்த மலைமுகட்டினால் இப்பகுதி இப்பெயர் பெற்றது.

அமைவிடம்

இம்மலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7000 மி.மீ. மழை பெய்கிறது. இதன் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைக்கிறது. துங்கா, பத்ரா, நேத்திராவதி ஆகிய ஆறுகள் இங்குள்ள கங்காமூலா பகுதியில் தோன்றுகின்றன. பள்ளத்தாக்குகளில் சோலைக்காடுகளும் சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளிகளும் அமைந்துள்ளன. நீலகிரியின் உயர்பகுதிகளிலும் இத்தகைய அமைப்பைக் காணலாம்.

கட்டுமானம்

சுரங்கத்தை அமைப்பதற்காகக் குதிரேமுக் இரும்புத்தாது நிறுவனம் 1976 இல் தோற்றுவிக்கப்பட்டது. ஈரான் அரசின் கடனுதவியுடன் பணிகள் தொடங்கின. 1979 இல் ஈரானில் ஏற்பட்ட புரட்சிக்குப் பின் அவ்வுதவி நின்றது. எஞ்சிய செலவை இந்திய அரசே ஏற்றது. 1980 இல் கட்டுமானம் நிறைவுற்றது.

இங்குள்ள தாது இரும்புச்சத்துக் குறைந்தது. எனவே அது பொடியாக்கப்பட்டுச் செறிவூட்டப்பட்டது. செறிவூட்டிய தாது நீருடன் குழம்பாகக் கலக்கப்பட்டு, 67 கி.மீ. நீளமுள்ள குழாய் வழியாக மங்களூர்த் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டது. மலையிலிருந்து கடலை நோக்கி நிலம் இறங்குவது இதற்குத் துணைபுரிந்தது. கழிவு வண்டலைத் தேக்கிவைக்க, பத்ராவின் துணையாறான லக்யாவின் குறுக்கே ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள மண் அணை கட்டப்பட்டது.

நிலத்தை மீளப் பசுமையாக்கல்

தோண்டப்பட்ட சரிவுகளில் மேல்மண்ணும் அதனைப் பிடித்துநின்ற புல்லின் வேர்களும் நீங்கிவிடுவதால், கனமழையில் மண் எளிதில் அரித்துச் செல்லப்படுகிறது. அவ்வண்டல் பத்ரா ஆற்றில் படிந்தது சுரங்கத்திற்கு எதிரான முதன்மையான குற்றச்சாட்டுகளில் ஒன்றாகும்.

நிறுவனம் பெருமளவில் மரக்கன்றுகளை நட்டது. இவற்றுள் அகேசியா போன்ற அயல் மரங்களும் அடங்கும். வளமற்ற மண்ணிலும் இவை விரைந்து வளர்வன. காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் நிலைப்படுத்த வல்லன. ஆயினும் இவற்றின் நிழலில் இயற்கையான புல்லினங்கள் தழைப்பதில்லை. அதனால் காட்டெருமை, கடமான் முதலியவற்றின் மேய்ச்சல் நிலம் குறைகிறது. எனவே, புல்வெளியாக இருந்த சரிவில் மரத்தோப்பை உருவாக்குவது நிலத்தைப் பசுமையாக்குமேயன்றிப் பழைய நிலைக்கு மீட்டதாகாது எனச் சூழலியலாளர் கருதுகின்றனர். அங்கேயே வளரும் புல்லினங்களைச் சரிவுகளிலும், சோலை மரங்களைப் பள்ளங்களிலும் மீண்டும் நிலைபெறச் செய்வதே அவர்கள் கூறும் மாற்று வழியாகும். இதற்கு நெடுங்காலம் தேவைப்படும்.

மூடல்

1987 இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுரங்கக் குத்தகை 1999 இல் முடிவுற்றபின் அதனை நீட்டிப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. முன்னாள் வனத்துறை அலுவலர் கே. எம். சின்னப்பா தொடர்ந்த வழக்கில், 2005 ஆம் ஆண்டு முடிவுக்குள் சுரங்கப் பணிகளை நிறுத்துமாறு உச்சநீதிமன்றம் 2002 அக்டோபர் 30 அன்று தீர்ப்பளித்தது. இவ்வழக்கு, நீலகிரி மாவட்டக் கூடலூர்க் காடுகள் தொடர்பாக 1995 இல் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் ஒரு பகுதியாக விசாரிக்கப்பட்டது.

2012 இல் யுனெசுகோ உலக மரபுக்களமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் குதிரேமுக் தேசியப் பூங்காவும் ஒன்றாகும். சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் லக்யா அணையில் கழிவு வண்டல் தேங்கியுள்ளது. எனவே அணையின் உறுதியைத் தொடர்ந்து பேணுவது இன்றியமையாததாகும்.