‘இன்ஸ்டன்ட் கேஸ்’ என்றால் உடனடி வழக்கா? கோர்ட் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய அர்த்தம்

ஆபீஸ் வேலையாக ஒரு தீர்ப்பைப் படிக்கிறீர்கள். பக்கத்துக்குப் பக்கம் ‘இன் தி இன்ஸ்டன்ட் கேஸ்’ என்று வருகிறது. இருபது வருஷமாக இழுத்த வழக்கு, இதில் என்ன இன்ஸ்டன்ட் என்று தோன்றும். காபியை மறந்துவிடுங்கள். இங்கே அந்த வார்த்தைக்கு ‘இந்த’, ‘இப்போது நம் முன் உள்ள’ என்றுதான் பொருள். ‘இன்ஸ்டன்ட் பெட்டிஷன்’ என்பதும் அவசர மனு அல்ல, இந்த மனு.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இன்’ என்றால் மேல், ‘ஸ்டாரே’ என்றால் நிற்பது. இரண்டும் சேர்ந்த ‘இன்ஸ்டாரே’ என்பதற்கு நெருங்கி வந்து நிற்பது, நெருக்குவது என்று இரண்டு அர்த்தங்கள். நாமும் இப்படித்தான் பேசுகிறோம்: தீபாவளி வந்து நிற்கிறது, கடன்காரர் வந்து நிற்கிறார். முதலாவதில் நெருக்கம், இரண்டாவதில் நெருக்கடி. 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் சில இடங்களில் ‘இன்ஸ்டன்ட்’ வருவது இந்த இரண்டாவது வழியில்தான். விடாமல் ஊன்றி நிற்பது என்ற பொருளில். ‘உடனடி’ என்ற அர்த்தமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். 2017-ல் சாயரா பானு வழக்கின் தீர்ப்பு வந்தபோது செய்திகளில் அடிபட்ட ‘இன்ஸ்டன்ட் முத்தலாக்’ அந்த ரகம். ஆக, கோர்ட் செய்தி என்பதாலேயே எல்லா இடத்திலும் ‘இந்த’ என்று போட்டுவிட முடியாது.

கவனம் தேவைப்படுவது பழைய கடிதங்களில். தேதிக்குப் பின்னால் ‘இன்ஸ்ட்’ என்று சுருக்கமாக இருந்தால் இதே மாதம். நம் கல்யாணப் பத்திரிகையில் ‘நிகழும்’ என்று போடுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ‘அல்ட்’ என்றால் போன மாதம், ‘ப்ராக்ஸ்’ என்றால் அடுத்த மாதம். இவை ‘அல்டிமோ’, ‘ப்ராக்ஸிமோ’ என்ற லத்தீன் சொற்களின் சுருக்கங்கள்.

மார்ச் 28 தேதியிட்ட கடிதத்தில் ‘உங்கள் 5 அல்ட் கடிதம்’ என்று இருந்தால், அது பிப்ரவரி 5-ல் எழுதிய கடிதம். அதை மார்ச் 5 என்று எடுத்துக்கொண்டால் 28 நாள் பிசகும், லீப் வருஷமென்றால் 29. சொத்துத் தகராறிலோ பாக்கித் தொகை வழக்கிலோ எந்தத் தேதியில் நோட்டீஸ் போனது என்பதே கேள்வியாக இருக்கும்போது, இந்த மூன்றெழுத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சந்தேகமென்றால் முதலில் கடிதத்தின் தலைப்பில் உள்ள தேதியைப் பாருங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.