கம்பியைப் பிரித்தால் இசை கூடுமா?

குற்றாலத்தில் சாரல் பருவம். பேரருவியின் அடியில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலையில் விழும் நீர் காதருகே 'ஸ்ஸ்' என்று சீறுகிறது. அதனூடே 'ஹோ' என்ற கனத்த முழக்கமும் கேட்கிறது. குளித்து முடித்து, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிப் பக்கம் நடந்து வாருங்கள். நாலைந்து கட்டடங்கள் இடையே வந்ததும் சீற்றம் அடங்கிவிடுகிறது. முழக்கம் மட்டும் பின்னாலேயே வருகிறது. ஏன்?

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நொடிக்கு 50 முறை அதிரும் கனத்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். நொடிக்கு 10,000 முறை அதிரும் கூரிய ஒலியின் அலைநீளமோ 3.4 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை சுவரை வளைத்துக்கொண்டு வந்துவிடும். குட்டை அலை சுவரில் மோதி நின்றுவிடும். ஒலிபெருக்கியின் வரலாறு முழுவதும், இந்த நெட்டையனையும் குட்டையனையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்ல மனிதன் பட்ட பாடுதான். அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியாக வந்ததே 'இரட்டைக் கம்பி இணைப்பு'. அதனால் உண்மையில் பயன் உண்டா என்று காண்போம்.

மைக் இல்லாத மேடை

குற்றாலத்தை அடுத்த செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. நாடக மேடையில் அவர் பாடியபோது முன்னால் மைக் இல்லை. கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் கேட்கும்படி தொண்டையையே நம்பிப் பாட வேண்டும். உச்ச ஸ்தாயியில் பாடியதே அக்கால நடிகர்களின் வழக்கம். மனிதச் செவி கனத்த ஒலியைவிட நடுத்தர, உயர்ந்த ஒலிகளை எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதை நினைத்தால், அதிலும் ஓர் அறிவியல் இருப்பது விளங்கும். கிட்டப்பா 1933-இல், 27 வயதிலேயே மறைந்தார். அதே ஆண்டில் கடல் கடந்த ஓர் ஊரில் ஒலிபெருக்கி பெரியதொரு படியைத் தாண்டியது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு.

தாள் கூம்பு பாடியது

1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். காந்தப் புலத்துக்குள் ஒரு சிறு கம்பிச்சுருள். அதோடு ஒட்டிய தாள் கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாய, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இன்று உங்கள் வீட்டு ஒலிபெருக்கியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

நம் நாட்டிலும் ஒலிபரப்பு அப்போது தவழத் தொடங்கியிருந்தது. 1924-இல் சென்னையில் ரேடியோ கிளப் ஒன்று தோன்றியது. பின்னர் 1930-இல் அப்பணியைச் சென்னை மாநகராட்சி ஏற்று நடத்தியது. கடற்கரையில் வைத்த ஒலிபெருக்கி வழியாகச் சங்கீதம் கேட்கக் கூட்டம் கூடியது.

ஆனால், ஒரே கூம்பு எல்லா ஒலியையும் செம்மையாகத் தர முடியவில்லை. நம் பக்கத்து வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குடத்தைத் தட்டினால் எழுவது கனத்த 'தும்'. வில்லில் கட்டிய மணிகள் எழுப்புவது கூரிய 'கலீர்'. குடத்தின் ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு தேவை. மணியின் ஒலிக்கு நொடிக்குப் பல்லாயிரம் முறை அசைய வேண்டும்; கனமான பெரிய கூம்பால் அது இயலாது. யானையைத் தையல் ஊசி பிடிக்கச் சொன்னால் முடியுமா?

ஆகவே வேலையைப் பிரித்தனர். 1933 ஏப்ரல் 27 அன்று, பிலடெல்பியா நகரில் வாசித்த இசைக்குழுவின் இசை, தொலைபேசிக் கம்பிகள் வழியாக வாஷிங்டன் நகரின் ஓர் அரங்கை அடைந்தது. பெல் ஆய்வுக்கூடத்தார் அங்கே வைத்திருந்த ஒலிபெருக்கிகளில், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிக்கு ஒரு பெரிய கொம்பு. அதற்கு மேற்பட்ட ஒலிக்குத் தனிக் கொம்புகள். இந்த 'இருவழி' முறை திரையரங்குகளுக்குச் சென்றது. பின்பு வீடுகளுக்கும் வந்தது. பெரிய கூம்பை 'வூஃபர்' என்றும், சிறியதை 'ட்வீட்டர்' என்றும் அழைக்கிறோம்.

எந்த மின்னோட்டம் எங்கே போவது என்று முடிவு செய்ய, பெட்டிக்குள் ஒரு பிரிப்புச் சுற்று உண்டு. கம்பிச்சுருள் உயர் அதிர்வெண்ணைத் தடுத்து, தாழ் அதிர்வெண்ணை வூஃபருக்கு விடும். மின்தேக்கி இதற்கு நேர்மாறு. உயர் அதிர்வெண்ணை மட்டும் ட்வீட்டருக்கு விடும்.

தெருவிலே ஒரு பாடம்

இனிக் கம்பிக்கு வருவோம். தென்காசி வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் 'ரேடியோ செட்' இல்லாமல் நடக்காது. தெருக் கோடி வரை குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டி, கம்பி இழுத்திருப்பார்கள். கடைசிக் குழாய் 300 மீட்டர் தொலைவில் இருக்கட்டும். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கம்பியின் மொத்த நீளம் 600 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் அதன் மின்தடை சுமார் 6.8 ஓம். குழாயின் தடை 8 ஓம் என்றால், ஆம்ப்ளிஃபயர் தரும் திறனில் கிட்டத்தட்டப் பாதி கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடும்!

ரேடியோ செட்காரர்களுக்கு இதற்கு வழி தெரியும். ஆம்ப்ளிஃபயரின் 100 வோல்ட் முனையிலிருந்து கம்பி இழுப்பார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு மின்மாற்றி இருக்கும். அப்போது 20 வாட் குழாய், கம்பிக்கு 500 ஓம் தடையாகத் தெரியும். 500-க்கு முன் 6.8 எம்மாத்திரம்? இழப்பு 1.3 சதவீதம்தான். தொலைதூர மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்பும் அதே தத்துவம்.

ஆக, கம்பி ஒரு பொருட்டே அல்ல என்று சொல்லிவிட முடியாது. அது நீளத்தையும் பருமனையும் பொறுத்தது.

இரட்டைக் கம்பி

1980-களில் இங்கிலாந்தின் ஒலிபெருக்கி உற்பத்தியாளர் சிலர் ஒரு புதுமையைப் பரப்பினர். பெட்டியின் பின்புறம் இரண்டு முனைகளுக்குப் பதில் நான்கு முனைகள். நடுவே இருக்கும் உலோகப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, வூஃபருக்கு ஒரு ஜோடிக் கம்பி, ட்வீட்டருக்கு ஒரு ஜோடிக் கம்பி இழுக்கலாம். இரண்டு ஜோடிகளும் ஆம்ப்ளிஃபயரின் அதே முனைகளில்தான் சேரும்.

காரணம் என்ன சொன்னார்கள்? ஒரே கம்பியில் இரு மின்னோட்டமும் போனால், வூஃபரின் பெரிய மின்னோட்டம் கம்பித் தடையில் உண்டாக்கும் மின்னழுத்த இறக்கம் ட்வீட்டரையும் பாதிக்கும். தனிக் கம்பி போட்டால் பாதிக்காது என்றார்கள். இந்தக் கருத்து பொய்யன்று. 1861-இலேயே, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், மிகச் சிறிய தடைகளை அளக்க இதே உத்தியைக் கையாண்டார். மின்னோட்டம் செல்ல ஒரு ஜோடி, அளப்பதற்கு வேறொரு ஜோடி. அளவைக் கூடங்களில் இன்றும் அது நிற்கிறது.

ஆனால் அறிவியலில் 'உண்டா?' என்ற கேள்வியோடு 'எவ்வளவு?' என்ற கேள்வியும் பிறக்க வேண்டும். பென்சிலை எடுங்கள். வீட்டில் கம்பி நீளம் 5 மீட்டர். போகவர 10 மீட்டர். முன் சொன்ன அதே 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்குத் தடை 0.113 ஓம். 8 ஓம் பெட்டிக்கு முன்னால் இறங்கும் மின்னழுத்தம் 1.4 சதவீதம், அதாவது சுமார் 0.12 டெசிபல். பெட்டியின் தடை சில அதிர்வெண்களில் 4 ஓமாக இறங்கினாலும் 3 சதவீதத்தைத் தாண்டாது. இரட்டைக் கம்பி மாற்றக்கூடியது இந்தச் சிறு பகுதிக்குள்தான். மிகக் கூர்மையான செவிக்கும் அது எட்டுவது அரிது. மேலும், இருமடங்கு பருமனுள்ள ஒற்றைக் கம்பி போட்டாலே இந்த இறக்கம் பாதியாகிவிடும்.

"மாற்றியதும் இசை தெளிந்தது, என் காதால் கேட்டேன்" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. பணம் செலவழித்துக் கை வருந்தி ஒன்றைச் செய்தபின், மனம் வேறுபாட்டை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்ததைச் செவி கேட்கிறது.

நீங்களே சோதியுங்கள்

வாசகர்களே, இதை நம்பச் சொல்லவில்லை, சோதிக்கச் சொல்கிறேன். நான்கு முனைப் பெட்டி உள்ள நண்பர் வீட்டில், நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். நண்பர் காசைச் சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் ஒற்றைக் கம்பி, பூ விழுந்தால் இரட்டைக் கம்பி இணைக்கட்டும். எதுவென்று உங்களிடம் சொல்லக் கூடாது. ஒலியின் அளவையும் மாற்றக் கூடாது. 10 முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் எதுவென்று எழுதுங்கள். வெறும் ஊகத்தில் 9 அல்லது 10 விடைகள் சரியாக அமைய 1024-இல் 11 பங்கு வாய்ப்புதான் உண்டு. அத்தனை சரியாக வந்தால் உங்கள் செவிக்கு என் வணக்கம். ஐந்தோ ஆறோ வந்தால், அந்தக் கம்பிக் காசை நல்லதொரு ஒலிபெருக்கிக்குச் சேமியுங்கள்.

குற்றாலத்துக்கு மறுபடி வந்தால் ஐந்தருவிக்கும் போங்கள். மேலே ஒன்றாக வரும் நீர் பாறையில் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. பிரிந்ததால் பலர் நெரிசலின்றிக் குளிக்க முடிகிறது. அது பெரிய பயன். வூஃபரும் ட்வீட்டரும் வேலையைப் பிரித்துக்கொண்டதும் அப்படிப்பட்ட பயன்தான். ஆனால் பிரிந்ததனால் ஒரு குடம் நீர்கூட அதிகமாவதில்லை. எங்கே பிரிப்பது பயன் தரும், எங்கே தராது என்பதை அளந்து பார்த்துத்தான் அறிய வேண்டும்.