பந்தயக் குதிரை வண்டியும் காற்றடைத்த சக்கரமும்

குதிரைப் பந்தயம் என்றால் நம்மவர்களுக்குக் கிண்டியும் கல்கத்தா மைதானமும்தான் ஞாபகத்துக்கு வரும். சவாரிக்காரர் முதுகில் குந்திக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் பறக்கிற பந்தயம் அது. அமெரிக்காவில் வேறொரு வகை உண்டு. குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கரமுள்ள சின்ன வண்டியைப் பூட்டி, ஒற்றை ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். குதிரை ஓட்டநடையிலேயே போக வேண்டும், பாய்ச்சலுக்கு மாறக்கூடாது. மாறிவிட்டால் இழுத்துப் பிடித்து நடையைத் திருத்திக்கொண்டுதான் மேலே போகலாம். குறுக்குக் கால்களை ஜோடியாக வைத்து ஓடுவது ஒரு சாதி. ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஒன்றாக வீசி ஓடுவது இன்னொரு சாதி. ஒரு மைல் தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்பதுதான் கணக்கு.

நான் கல்கத்தாவில் நாற்பது வருஷமாகச் சைக்கிள் சாமான் வியாபாரம் செய்பவன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. குதிரைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் சக்கரத்தில் இருக்கிறது. நான் தினமும் விற்கிற ரிம்மும் கம்பியும் பால்ஸும்தான் 1892ஆம் வருஷம் அந்தப் பந்தயத்தையே தலைகீழாக்கின. இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ஆகவே இங்கே கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

அந்த வண்டிக்கு ஆங்கிலத்தில் 'சல்க்கி' என்று பெயர். 'உர்ரென்று இருப்பவன்' என்று அர்த்தம். ஒருவர்தான் உட்கார முடியும், துணைக்கு ஆள் கிடையாது என்பதால் வேடிக்கையாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பழைய சல்க்கிக்குச் சக்கரம் சுமார் ஐந்தடி உயரம். ஹிக்கரி என்னும் அமெரிக்க மரத்தில் ஆரக்காலும் வட்டையும் செய்து இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள். அவ்வளவு உயரம் எதற்கு? நம்மூர் ஆசாரியைக் கேட்டால் சொல்லுவார். சக்கரம் பெரிதானால் குழியிலும் மேட்டிலும் சுலபமாக உருண்டு ஏறும். அச்சும் உயர்ந்து நிற்பதால் ஏர்க்கால் குதிரையின் விலாவோடு மட்டமாக வந்து சேரும். காரணமில்லாமல் யாரும் ஐந்தடிச் சக்கரம் செய்யவில்லை.

இந்த வண்டியோடு நடந்த முன்னேற்றத்தைப் பாருங்கள். 1845இல் லேடி சஃபோக் என்ற பெண்குதிரை ஒரு மைலை 2 நிமிடம் 29½ விநாடியில் ஓடியது. 1859இல் ஃப்ளோரா டெம்பிள் 2 நிமிடம் 19¾ விநாடி. 1885இல் மாட் எஸ். என்ற புகழ்பெற்ற குதிரை கிளீவ்லாந்தில் 2 நிமிடம் 8¾ விநாடி. நாற்பது வருஷத்தில் ஏறக்குறைய 21 விநாடி, அதாவது வருஷத்துக்கு அரை விநாடி வீதம் குறைந்து வந்திருக்கிறது. நல்ல வித்து, நல்ல தடம், எடை குறைந்த வண்டி எல்லாம் சேர்ந்த பலன். அதன்பிறகு வேகம் மந்தப்பட்டது. 1891இல் சுனோல் என்ற குதிரை 2 நிமிடம் 8¼ விநாடியில் ஓடியது. ஆறு வருஷத்தில் கிடைத்த லாபம் வெறும் அரை விநாடி. குதிரை இனத்தின் சக்தி இவ்வளவுதான் என்று ஒருவர் நினைத்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

இங்கே கதை கடல் தாண்டி இங்கிலாந்துப் பக்கம் போகிறது. காற்றடைத்த டயர் என்றதும் டன்லப் பெயரைச் சொல்லுவோம். ஆனால் அவருக்கு நாற்பது வருஷம் முன்பே, 1845இல், ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1847இல் லண்டன் ரீஜெண்ட் பூங்காவில் குதிரை வண்டிக்கே மாட்டி ஓட்டியும் காட்டினார். ரப்பர் விலை அதிகம், செய்வதும் கஷ்டம், ஜனங்கள் மறந்துபோனார்கள். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தன் பையனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். தாம்சன் விஷயம் வெளியே வந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போயிற்று. டன்லப் தொழிலால் யார் தெரியுமோ? கால்நடை மருத்துவர். குதிரை வண்டிக்காகப் பிறந்த டயரை, குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவர் சைக்கிளுக்குப் போட்டார். சைக்கிளிலிருந்து அது குதிரைக்கே திரும்பி வந்தது. விந்தைதான்!

திரும்பி வந்த வருஷம் 1892. முதலில் கொண்டுவந்தது யார் என்பதில் உரிமை கோரியவர்கள் பலர். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சைக்கிள் உற்பத்தியாளர் ஸ்டெர்லிங் எலியட்டின் பெயர் அடிக்கடி சொல்லப்படுகிறது. எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. ஒரே கோடையில் பல ஊர்களில் பலர் பழைய வண்டியில் சைக்கிள் சக்கரத்தை முட்டுக் கொடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்களாம். ஐந்தடிச் சக்கரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குட்டிச் சக்கரம் கேலியாகத்தானே தெரியும்!

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. நான்ஸி ஹாங்க்ஸ் என்ற குதிரையை பட் டோபிள் என்பவர் ஓட்டினார். ஆகஸ்ட் 17இல் சிகாகோவில் 2 நிமிடம் 7¼ விநாடி. அதே மாதக் கடைசியில் அயோவா மாநிலத்தில் 2 நிமிடம் 5¼ விநாடி. செப்டம்பர் 28இல் இண்டியானா மாநிலத்து டெர்ரி ஹோட் நகரில் 2 நிமிடம் 4 விநாடி. ஆறே வாரம்! சுனோலின் கணக்கிலிருந்து நாலேகால் விநாடி போய்விட்டது.

எப்படி? வியாபாரி என்ற முறையில் எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். மரச் சக்கரத்தில் பாரம் குடத்துக்குக் கீழே இருக்கும் ஆரக்காலின் மேல் நிற்கிறது; ஆகவே ஆரக்கால் பருமனாக இருந்தாக வேண்டும். சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் எல்லாம் முறுக்கி இழுத்துக் கட்டப்பட்டவை. மெல்லிய கம்பியே போதும். அச்சில் பால்ஸ் இருப்பதால் உராய்வு குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக டயர்: சிறு கல்லும் மேடும் வந்தால் இரும்புப் பட்டை வண்டியையே தூக்கிப் போடும், அந்தத் தூக்கலுக்கான சக்தியைக் கொடுப்பது குதிரை. காற்று டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருண்டுவிடும். வளைவில் பழைய சக்கரம் வெளிப்பக்கம் சறுக்கும். ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

சக்கரம் சிறுத்ததும் அச்சு தாழ்ந்துவிட்டது. ஏர்க்காலோ விலா உயரத்தில் இருக்க வேண்டும். அதற்காக அச்சுக்கு மேல் எஃகு வளைவும் கவையும் வைத்து ஏர்க்காலை உயர்த்தினார்கள். இந்த அமைப்பு வந்தபிறகுதான் அது முழுமையான பந்தய வண்டி ஆயிற்று. தினப்படிப் பயிற்சிக்கு மட்டும் நீண்ட ஏர்க்காலும் கூடுதல் கனமும் உள்ள தனி வண்டி வைத்துக்கொண்டார்கள். கம்பிகளுக்கு நடுவே குதிரைக்கால் மாட்டிக்கொள்ளும் அபாயம் இருந்ததால் பிற்காலத்தில் சக்கரத்தின் பக்கத்தைத் தட்டு போட்டு மூடினார்கள்.

கெட்டிக்காரத்தனம் குதிரையினுடையதா, சக்கரத்தினுடையதா? குதிரை வளர்ப்போர் வித்தைத்தான் பெரிதாகச் சொல்லுவார்கள், வித்துக்கு விலை உண்டல்லவா! இதற்கு ஒரு நல்ல சோதனை தற்செயலாக நடந்திருக்கிறது. 1903இல் லூ டில்லன் என்ற குதிரை ரீட்வில் தடத்தில் சைக்கிள் சக்கர வண்டியோடு சரியாக 2 நிமிடத்தில் ஓடியது. அதே வருஷம் கிளீவ்லாந்தில், மாட் எஸ்ஸின் பழைய சாதனையை நேருக்கு நேர் முறியடிப்பதற்கென்றே, பழைய உயரச் சக்கர வண்டியைப் பூட்டி ஓடவிட்டார்கள். 2 நிமிடம் 5 விநாடி. ஆக மாட் எஸ்ஸுக்கும் லூ டில்லனுக்கும் உள்ள வித்தியாசம் 8¾ விநாடி. அதில் குதிரையால் வந்தது 3¾, வண்டியால் வந்தது 5. ரீட்வில்லில் முன்னால் ஓடவிட்ட பாய்ச்சல் குதிரை காற்றைத் தடுத்துக் கொடுத்தது என்பதற்காகக் கொஞ்சம் கழித்தாலும் சக்கரத்தின் பங்கு சின்னதல்ல.

அப்புறம் எண்பது வருஷம் வண்டி அநேகமாக மாறவில்லை. 1906இல் டான் பாட்ச் 1 நிமிடம் 55 விநாடியில் ஓடியது. காற்றுத் தடுப்பு சர்ச்சையால் அது ஏற்கப்படவில்லை. 1971இல் ஸ்டெடி ஸ்டார் 1 நிமிடம் 52 விநாடி. அறுபத்தைந்து வருஷத்துக்கு 3 விநாடி! 1970களின் நடுவில் ஜோ கிங் என்ற பொறியாளர் ஏர்க்காலைக் குட்டையாக்கி, நேராக்கி, ஓட்டுபவரை அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்காரவைத்தார். நம் வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்லுவார்களே, அதே சூத்திரம். பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் நுனி மேலே எழும். குதிரையின் மேல் அழுத்தம் குறையும். 1980இல் நயாட்ராஸ் 1 நிமிடம் 49⅕ விநாடியில் ஓடி முடித்தது. இதில் வித்துக்கும் பங்கு உண்டு. ஆனாலும் முன்பாரம் குறைந்ததைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

எங்கள் சமண நூல்களில் இல்லறத்தாருடைய கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. பிராணிகள்மேல் அளவு மீறிப் பாரம் ஏற்றுவது அவற்றில் ஒன்று. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் அதைத் தனியாகவே எண்ணிச் சொல்கிறார். இந்தக் கண்ணோடு பார்த்தால் அமெரிக்கக் கதையைவிட நம் கதைதான் மனசை உறுத்துகிறது. பந்தயக் குதிரைக்கு 1892இல் கிடைத்த டயர் நம் மாட்டுக்கு வந்து சேர எத்தனை காலம்! ஹூக்ளிக் கரையில் சாஹாகஞ்ச் டன்லப் ஆலை தொடங்கியது 1936இல். டயர் வண்டி பரவியபோதும் மிச்சமான சக்தி மாட்டுக்குப் போகவில்லை, மூட்டைக்குத்தான் போயிற்று. மரச்சக்கரத்தில் ஏற்றியதைப்போல இருமடங்கு ஏற்றினார்கள். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசாமி 1970களிலிருந்து இதை எடுத்துச் சொன்னார். கழுத்தில் புண் வராத நுகத்தடி வேண்டும், வண்டிக்கு பிரேக் வேண்டும் என்று அவர் வாதாடினார். எங்கள் பக்கம் ஆரணி, வந்தவாசி சாலைகளில் நான் பார்த்த டயர் வண்டிகளில் சக்கரம் புதுசு, நுகத்தடி பாட்டன் காலத்தது. பிரேக் இல்லாததால் சரிவில் இறங்கும்போது மொத்த பாரத்தையும் மாடு கழுத்தாலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்கும்.