புற்றுநோயினின்று பிழைத்தோர் உளநிலை

நோயின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர். நோய் நீங்கிய பின் நோயுற்றாரின் நெஞ்சம் எந்நிலையில் இருந்தது என்பது அவ்வரலாற்றுள் இடம்பெறுதல் அரிது. அந்நிலையைக் காட்டும் பழைய சான்றொன்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கில நாவலாசிரியராகிய பிரான்சிசு பர்னி (1752-1840) 1802 முதல் கணவருடன் பிரான்சு நாட்டில் வாழ்ந்து வந்தார். அவர்தம் மார்பில் தோன்றிய கட்டியைப் புற்று என மருத்துவர் துணிந்தனர். 1811 செப்டம்பர் 30-ஆம் நாள், நெப்போலியன் படையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவராகிய லாரே முதலியோர் பாரிசில் அம்மார்பை அறுத்து நீக்கினர். ஈதர் முதலிய மயக்க மருந்துகள் 1840-களிலேயே அறுவைக்குப் பரவலாகப் பயன்படத் தொடங்கின. ஆதலின் பர்னி மதுக்கலந்த பானம் ஒன்றைப் பருகியதன்றி வேறு துணையின்றி, உணர்வோடிருந்தே அத்துன்பத்தைத் தாங்கினார்.

அறுவை வெற்றி பெற்றது, உடல் தேறியது. ஆயினும் உள்ளம் உடன் தேறவில்லை. இங்கிலாந்திலிருந்த தமக்கை எஸ்தருக்கு இந்நிகழ்ச்சியை விரித்து எழுதும் மடலை அவர் 1812 மார்ச்சில் தொடங்கி, சூனில்தான் முடித்தார். பல திங்கள்வரை அதனைப் பேசும்போதெல்லாம் மீண்டும் அத்துன்பத்துள் புகுந்தாற்போல் நடுங்கியதாகவும், ஒன்பது திங்கள் கழிந்தும் எழுதுகையில் தலைநோவு உண்டாவதாகவும், எழுதியதைத் திரும்பப் படிக்கத் துணிவில்லை என்றும் அம்மடலில் குறிக்கின்றார்.

இதனைக் கோழைமை எனல் பொருந்தாது. அவ்வாண்டிலேயே போர்க்காலக் கடலைக் கடந்து மகனுடன் தாயகம் திரும்பினார். 1814-இல் ஐந்து தொகுதிகள் கொண்ட நாவலொன்றை வெளியிட்டார். அறுவைக்குப்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அச்சமும் ஊக்கமும் ஒரே நெஞ்சில் ஒருங்கு வாழ்ந்தன என்பதே உண்மை.

தாமே புற்றுநோயுற்றுப் பிழைத்த அமெரிக்க மருத்துவர் பிட்சூ மல்லன், 1985-இல் இவ்வுளநிலையை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். நோயாளரைக் குணமானார், ஆகார் என இரண்டாகப் பகுத்தல் போதாதென்று கூறி, பிழைத்திருத்தலை மூன்று பருவங்களாக வகுத்தார். மருத்துவம் நிகழும் காலம் முதலாவது. அது முடிந்தபின் நோய் மீளுமோ என அஞ்சும் காலம் இரண்டாவது. அவ்வச்சம் தணிந்து வாழ்வு நிலைபெறும் காலம் மூன்றாவது.

பர்னியின் அச்சம் பின்னோக்கியது. மல்லன் சுட்டும் அச்சம் முன்னோக்கியது. திசை வேறாயினும், இரண்டும் தோன்றுமிடம் ஒன்றே: மருத்துவர் விடைபெற்றுச் சென்ற பின் உள்ள தனிமை. உடற்புண் ஆறும் நாளும் உளப்புண் ஆறும் நாளும் ஒன்றல்ல என்பதனை இவ்விரு சான்றுகளும் தெளிவுறுத்துகின்றன.